மரம் இறங்கிய வழி: கொங்கு நாட்டில் ஒரு மார்கழிப் பயணம்

டிசம்பர் 19, வியாழன். கோயம்புத்தூர்

மார்கழி பிறந்து நாலாம் நாள். காலை ஆறரைக்கு ரயிலை விட்டு இறங்கியபோது நல்ல குளிர். நிலையத்துக்கு எதிரே 15 ரூபாய்க்குக் குடித்த டீ அத்தனை திடம். அக்கா ஈரோட்டிலிருந்து பேருந்தில் வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த இடத்துக்குப் போனாலும் வாசலில் இருக்கும் பலகையைக் கடைசி வரிவரை படிக்காமல் நகரமாட்டார். இந்தப் பயணம் அவருடைய யோசனைதான். நம் பக்கத்துக் காடு, அணை, கோட்டை எல்லாவற்றுக்கும் இன்று டிக்கெட் வாங்கிப் போகிறோம். அங்கே போகும் பாதையை முதலில் யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போவோம் என்றார். எனக்கும் அந்தக் கேள்வி பிடித்துவிட்டது.

முதலில் கௌலி பிரவுன் சாலையிலுள்ள காஸ் வன அருங்காட்சியகம். ஹோரேஸ் ஆர்ச்சிபால்ட் காஸ் என்ற வனப் பாதுகாவலரின் முயற்சியில் உருவாகி, 1902-ல் சென்னை மாகாண ஆளுநர் ஆம்ப்டில் பிரபு திறந்துவைத்தது. பாடம் செய்த காட்டுமாட்டின் முன்னால் குழந்தைகள் கூட்டமாக நின்றார்கள். அக்கா நேராக மரத் துண்டுகள் இருக்கும் பக்கம் போய்விட்டார். எந்த மரம் எதற்கு ஆகும் என்பதுதான் அங்கே பேச்சு. ஓர் அரசாங்கம் காட்டை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதை அந்த அறையில் பத்து நிமிடம் நின்றாலே புரிந்துகொள்ளலாம்.

சென்னை மாகாணத்தில் வனத்துறை தொடங்கியது 1856-ல். முதல் பாதுகாவலர் கிளெக்ஹார்ன், படிப்பால் மருத்துவர். அதே ஆண்டில்தான் ராயபுரத்திலிருந்து ரயிலும் ஓடத் தொடங்கியது. 1862-க்குள் தண்டவாளம் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைவரை போய்விட்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட மரம் வேண்டும். அதற்கும் முன்பே ஆனைமலைத் தேக்கு பம்பாயில் கப்பல் கட்டப் போய்க்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வர, பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் எங்களோடு சேர்ந்துகொண்டான். "மேடம், நீங்க இங்க கைடுங்களா?" என்று கேட்டான். அக்காவுக்கு அன்றைக்கெல்லாம் அதில் சந்தோஷம்.

நீலகிரியின் கதையும் இந்த ஊரில் தொடங்குவதுதான். 1819-ல் மலையேறிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். 1868 வரைக்கும் நீலகிரி இந்த மாவட்டத்தின் ஒரு பகுதி. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது, 1899-ல் குன்னூர் வரைக்கும் பல்சக்கர ரயில் ஏறியது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. சமவெளி வெயில் தாங்காத அதிகாரிகளுக்காகப் போட்ட பாதை அது. இன்றைக்கு அதே மலைக்குப் போகிற வண்டிகள் அளவு மீறிப்போய், உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்கித்தான் ஏற வேண்டியிருக்கிறது.

மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம், நெய், அப்பளம், கத்தரிக்காய்ப் பொரியல். 80 ரூபாய். "எச்சா வெக்கட்டுங்களா?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். பொழுதோடு பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தோம்.

டிசம்பர் 20, வெள்ளி. ஆனைமலை, டாப்சிலிப்

காலையில் சந்தகை, தேங்காய்ப்பால், ஒரு தட்டு 50 ரூபாய். ஆனைமலையில் இறங்கி மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை, போதாததற்கு ஐயப்பன் மாலை போட்டவர்கள் வேன் வேனாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீதி கேட்டு மிளகாய் அரைக்கும் கல் பக்கம் போனாலே நெடி மூக்கில் ஏறுகிறது. ஓர் அம்மா வாய் திறக்காமல், கண்ணீர் வழிய அரைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. இந்த மலையடிவாரத்துக்கு ஊர் ஊராக மக்கள் வந்துபோனது இப்படித்தான். வேண்டுதல், பொங்கல், ஒருவேளைச் சாப்பாடு, பிறகு வண்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்புவது. மலையைச் சும்மா பார்த்துவிட்டு வருவதற்கென்று போகிற வழக்கம் ரொம்பப் பிந்தி வந்தது.

கோயிலுக்கு வெளியே இளநீர் 40 ரூபாய். மலைக்குப் போகிறோம் என்றதும் கடைக்கார அம்மா என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். "அதைய எங்க கொண்டு போறீங்? செக்போஸ்ட்ல புடுங்கிக்குவாங்க கண்ணு" என்றவர், வீட்டுக்குள் போய் ஒரு தூக்குப்போசி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். "வரும்போது குடுத்துட்டுப் போங்" என்றார். பெயர் கேட்கவில்லை, முன்பணம் கேட்கவில்லை. அவர் சொன்னபடியே சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லி பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரித்துக் காகிதத்தில் கொட்டித் தந்தார்கள். வேலையை முழுசாகச் செய்கிறவர்களைப் பார்த்தால் மரியாதை வருகிறது.

மலை மேல் ஒரு சிக்கல். இடையிலிருந்த ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி அறைக்கு ஏற்பாடு செய்திருந்தோம். மேலே இருந்த பதிவேட்டில் எங்கள் பெயர் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அங்கிருந்த வனக்காவலர் எங்கள் ரசீதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். "இது எங்க ரசீது இல்லைங்க. நீங்க சுத்திப் பாத்துட்டு வாங்க, பொழுதோட கீழ போற வண்டில ஏத்தி விடறேன்" என்றார். சொன்னபடி ஏற்றியும் விட்டார். காசு போனது போனதுதான்.

சரி, டாப்சிலிப்புக்கு வருவோம். இறங்கியதும் புல்வெளி, அதில் புள்ளிமான், ஓரத்தில் காட்டுப்பன்றி, மேலே கருமந்தி. வந்தவர்கள் எல்லோரும் செல்பேசியை எடுத்துவிட்டார்கள். நாங்கள் நின்ற அந்த விளிம்பிலிருந்துதான் வெட்டிய தேக்கை அடிவாரத்துக்குச் சறுக்கி விட்டிருக்கிறார்கள். கீழே மாட்டு வண்டி காத்திருக்கும். 1848 வாக்கில் கேப்டன் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை இந்தக் காட்டுக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வெட்டி வெட்டி, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மலையின் பெரும் பகுதி மொட்டையாகிக் கிடந்தது.

அந்த நிலையில் வந்தவர் ஹியூகோ வுட். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கே பொறுப்பேற்றார். பை நிறையத் தேக்கு விதை, கையில் கூர்முனைத் தடி, நடந்த இடமெல்லாம் தடியால் குத்தி ஒரு விதை போட்டுக்கொண்டே போவார் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அடிமரத்தை விட்டுவைத்து மேலே வெட்டினால் அது மறுபடி துளிர்க்கும் என்று வெட்டும் முறையையே மாற்றியவர். 1933-ல் இறந்தார். அவர் விருப்பப்படி இந்தக் காட்டிலேயே, மவுண்ட் ஸ்டூவர்ட் விடுதிக்குப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். கல்லில் லத்தீனில் ஒரு வரி. என் நினைவுச்சின்னம் எங்கே என்று தேடினால் சுற்றிலும் பார் என்று பொருள். லண்டன் தூய பவுல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வரிதான்.

சுற்றிலும் பார்த்தோம். நேரான தேக்குகள், ஒரே உயரம், ஒரே வயது. பக்கத்தில் வந்த ஒரு குடும்பத் தலைவர் பிள்ளைகளிடம், "பாரு, மனுசன் கை படாத காடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இது நட்டு வளர்த்த மரம், ரயிலுக்கும் கப்பலுக்கும் போனதற்கு ஈடாக வைத்தது என்று அவருக்குச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. எங்களோடு வந்த மலசர் பழங்குடி வழிகாட்டி சொன்னார்: "தேக்குக்கு அடியில பெருசா ஒண்ணும் வராதுங்க்கா. சோலைக்குள்ள போனாத்தான் எல்லாம் இருக்கும்." அவர் அப்பாவும் தாத்தாவும் யானைப் பாகர்கள்.

கோழிகமுத்தி யானை முகாமின் கதையும் மரத்தோடு சேர்ந்தது. கட்டை இழுக்கப் பழக்கிய யானைகளின் வழிவந்த முகாம். இன்றைக்கு ஊருக்குள் வரும் யானைகளைத் திருப்பி விடும் கும்கிகளுக்குப் பெயர் பெற்ற இடம். 2023-ல் அறுபது வயதில் ஓய்வு கொடுத்து, அணிவகுப்பு மரியாதை செய்து அனுப்பிய கலீம் என்ற கும்கி இங்குள்ளவன்தான். 2019-ல் உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக்காட்டில் நின்று ஊரையே பேசவைத்த சின்னத்தம்பி யானையும் பிடிபட்டபின் இந்தக் காட்டுக்குத்தான் வந்தான். ராகி, கொள்ளு, அரிசி வேகவைத்துப் பிடித்த உருண்டைகளை அவர்கள் வாங்கித் தின்பதைப் பார்க்கலாம். பாகரின் மகள், ஆறு வயதிருக்கும், ஒரு யானையின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஒருவர் பன்றிக்கு ரொட்டி போட, காவலர் ஓடிவந்து தடுத்தார். அக்காவுக்கு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஞாபகம் வந்தது. 1872-ல் அறிவித்த, உலகின் முதல் தேசியப் பூங்கா. ரயில் கம்பெனிகள் விளம்பரம் போட்டு ஆள் கொண்டுவந்தன. அங்கே ஒரு காலத்தில் வரிசையாக இருக்கை போட்டு, ஓட்டல் எச்சிலைத் தின்ன வரும் கரடிகளை மாலைக் காட்சியாகவே காட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான் அதை நிறுத்தினார்கள். 1877-ல், பூங்காவாகி ஐந்தே வருடத்தில், ராணுவத்திடமிருந்து தப்பி ஓடிய நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள் அதன் வழியாகப் போனபோது எதிரே சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். ஒரே நிலத்தில் ஒருவன் உயிர் பிழைக்க ஓடுகிறான், இன்னொருவன் வெந்நீர் ஊற்றைப் பார்க்க வந்திருக்கிறான். அக்கா இதைச் சொன்னபோது வண்டியிலிருந்த யாரும் பேசவில்லை.

இரவு சேத்துமடையில் ஒரு வீட்டு மாடி அறை, 900 ரூபாய். மழை பெய்தது. கொள்ளு ரசம் சூடாகக் கிடைத்தது.

டிசம்பர் 21, சனி. பரம்பிக்குளம்

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று நம் பக்கமாகத்தான் போயாக வேண்டும். அதன் மூன்று அணைகளையும் பராமரிப்பது தமிழ்நாடு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் தண்ணீர்தான் பொள்ளாச்சித் தென்னைக்கும் பல்லடம் பக்கத்து விளைநிலங்களுக்கும் பாய்கிறது. காலைப் பேருந்தில் மலையாளமும் கொங்குத் தமிழும் கலந்து ஓடின. கண்டக்டர் இரண்டிலும் சில்லறை கேட்டார்.

ஆனைப்பாடியில் வனத்துறை வண்டிக்கு மாற வேண்டும். வழிகாட்டிகள் எல்லோரும் இந்தக் காட்டின் காடர், மலசர், முதுவர், மலமலசர் குடிகளைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு வாய்த்தவர் காடர், ஐம்பது வயதுக்கு மேல். வண்டியில் இருந்த இளைஞர்கள் நால்வர் ஏறும்போதே புலி வருமா என்று கேட்டுவிட்டார்கள். அவர் சிரித்தபடி, அது அதுக்கு வேலை இருந்தா வரும் என்றார். பிறகு ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஏதாவது காட்டினார். மரப்பட்டையில் கரடி கீறிய தடம், பெரிய இருவாச்சி கூடு வைக்கும் பொந்து, கேளையாடு தண்ணீர் குடிக்கும் இடம். பெண் இருவாச்சி பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டும், அதனால் கூட்டில் இருக்கும் நாளில் ஆணுக்கு ஏதாவது ஆனால் ஒரு குடும்பமே போய்விடும் என்று விளக்கினார். அதன் பிறகு அந்த இளைஞர்கள் புலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கன்னிமாராத் தேக்கு. படத்தில் பலமுறை பார்த்த மரம், நேரில் பேச்சு வரவில்லை. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். வயது 450 வருடத்துக்கு மேல் என்கிறார்கள். ஐந்து பேர் கை கோத்தால்தான் சுற்று எட்டும். வெட்டப் போனபோது ரத்தம் வந்தது, அதிலிருந்து கும்பிட ஆரம்பித்தோம் என்றார் வழிகாட்டி. 1990-களில் மத்திய அரசு இதற்கு மகாவிருட்ச விருது கொடுத்தது. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இதைவிடப் பெரிய செக்கோயா மரம் ஒன்று இருந்தது. வண்டி உள்ளே நுழைந்து வெளியே வருவது வேடிக்கையாக இருக்கும் என்று 1881-ல் அதன் அடியில் சுரங்கம் குடைந்தார்கள். எத்தனையோ பேர் அதற்குள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1969 குளிர்காலத்தில் பனிப் பாரம் தாங்காமல் மரம் சாய்ந்தது. நம் தேக்குக்கு ஒரு கதை காவலாக நின்றது. அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு இந்த நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டின்போது அவர் டிராம்வே பற்றிப் பேசினார். கொச்சி சமஸ்தானம் 1907-ல் இந்தக் காட்டிலிருந்து சாலக்குடி வரைக்கும் மரம் கொண்டுபோக ரயில்பாதை போட்டது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். செங்குத்தான சரிவுகளில் இறங்கும் வண்டியின் கனத்தாலேயே மறுபக்கத்து வண்டியை மேலே இழுத்தார்கள். அவருடைய தாத்தா அந்தச் சரிவில் பிரேக் பிடிக்கும் வேலையில் இருந்தாராம். 1930-களில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி இந்தப் பாதையோரம் குரியார்குட்டியில் தங்கினார். 1963-ல் பாதையை மூடினார்கள். தாத்தா டிராம்வேயில், அப்பா அணைக் கட்டுமானத்தில், இவர் வழிகாட்டி. ஒரே வீட்டின் மூன்று தலைமுறைக்குள் இந்தக் காட்டின் நூறு வருட வரலாறு அடங்கிவிடுகிறது. இதை அவர் யாரிடமும் சொல்வதில்லையாம், யாரும் கேட்பதில்லையாம். எனக்குப் பொறுக்கவில்லை. நுழைவிடத்தில் புலி படம் போட்ட பலகைக்குப் பக்கத்தில் இவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய ஒரு பலகை வைத்தால் என்ன? ஏறும் முன்னால் ஒவ்வொரு வண்டியிலும் பத்து நிமிடம் இந்தக் கதையைச் சொல்லச் செய்தால் என்ன?

2012-ஐயும் அவர் மறக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அக்டோபரில் தடை நீங்கி, மையப் பகுதியில் அதிகபட்சம் 20 சதவீதம் மட்டும் பார்வையாளருக்கு என்று விதி வந்தது. "வண்டி நின்னுச்சு, வேலையும் நின்னுச்சு. காட்டுக்கு நல்லதுன்னாங்க. இருக்கும். ஆனா நாங்களும் காடுதானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆள் வருவதற்கு அளவு வேண்டும் என்பதும் நியாயம்தான். அந்த அளவை வைக்கும்போது இவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

பொழுதோடு இறங்கும் வழியில் ஆனைமலையில் தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுத்தோம். ஆளுக்கொரு தேங்காய் பன் கொடுத்துத் தாட்டிவிட்டார் அந்த அம்மா.

டிசம்பர் 22, ஞாயிறு. அமராவதி அணை

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகும் சாலையில் வண்டிகள் முட்டி நின்றன. விடுமுறை கூட்டம், பழனி போய்விட்டு வரும் ஐயப்பமார் கூட்டம். 25 கிலோமீட்டர் போக ஒன்றே முக்கால் மணி நேரம். மேலே தூறல்.

தாராபுரத்தில் படித்த எனக்கு உல்லாசப் பயணம் என்றால் சிறு வயதில் இந்த அணைதான். கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்குச் சுற்றுலா என்ற பழக்கம் வந்ததே அணைகளால் என்று சொல்லலாம். பவானிசாகர் 1955, அமராவதி 1957, ஆழியாறு 1962. காமராஜர் காலத்தில் அடுத்தடுத்து எழுந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பூங்கா, ஊஞ்சல், செயற்கை ஊற்று. கட்டுசோறு கட்டிக்கொண்டு, கோயில் காரணம் எதுவும் இல்லாமல், சும்மா பார்த்துவிட்டு வரக் குடும்பத்தோடு கிளம்பியது அப்போதுதான். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வாழையிலையில் கட்டி வந்த குடும்பங்களை இன்றைக்கும் மர நிழலில் பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

முதலைப் பண்ணை 1970-களின் நடுவில் தொடங்கியது. நாடெங்கும் முதலைகள் அருகிப்போன நேரம். அணையிலும் அதில் சேரும் ஆறுகளிலும் கிடைத்த சதுப்புநில முதலை முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்த்தார்கள். இப்போது அணைத் தண்ணீரிலேயே முதலைகள் தாமாகப் பெருகி வாழ்கின்றன. முதலை அசையாமல் கிடக்கும், அதுதான் அதன் வாழ்க்கை. அது பொறுக்காமல் இரண்டு பையன்கள் கல்லெடுத்தார்கள். பல்லடத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, யார் வீட்டுப் பையன் என்றுகூடப் பார்க்காமல், கையைப் பிடித்துக்கொண்டார். "சாமி, அது சீவன். நீ தூங்கறப்ப ஒருத்தன் கல்லெடுத்துப் போட்டா சும்மா இருப்பியா?" பையன் கல்லைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே நின்று முதலையைப் பார்க்க ஆரம்பித்தான். பையனின் அப்பா வந்து பாட்டிக்கு நன்றி சொன்னார்.

அணையோரக் கடையில் ஜிலேபி மீன் வறுவல், தட்டு 120 ரூபாய். மசாலா காரம் அதிகம், மீன் நேற்றையது. ஆழியாற்றில் இதைவிட நன்றாகக் கிடைக்கும். மழை வலுத்ததால் படகுத் துறையை மூடிவிட்டார்கள். நனைந்துகொண்டே பேருந்து ஏறி இரவு தாராபுரம்.

டிசம்பர் 23, திங்கள். கொடுமணல்

வெயில் திரும்பிவிட்டது. சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையில் இருக்கும் ஊர் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பெயர் சொன்ன கொடுமணம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் எல்லாம் பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகும் பெருவழி இந்தப் பக்கம்தான் போனது. கோயம்புத்தூர் மாவட்டத்து மண்ணில் ரோமானியக் காசு குவியல் குவியலாகக் கிடைத்ததற்குக் காரணம் அந்த வழி.

வந்து பார்த்தால் வயல், பனை, கருவேலம். தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதுதான் முறை. தொலைவிலிருந்து வருகிறவருக்கு இங்கே காட்ட எதுவும் இல்லை என்று தோன்றும். ஈமச் சின்னங்களின் கல்வட்டங்களைத் தேடி நாங்கள் நின்றபோது, ஆடு ஓட்டி வந்த ஓர் அம்மா தானாகக் கூட்டிப்போய்க் காட்டினார். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது அவர் அம்மா மண் சலிக்கப் போனவர். அண்மையில் அரசுத் தொல்லியல் துறை தோண்டியபோது இவரே போனார். பாசிமணி எந்த மண்ணில் கிடைக்கும், பானையோட்டில் எழுத்து இருந்தால் வெளிச்சத்தில் எப்படிச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று அத்தனை துல்லியமாகச் சொன்னார். அக்கா பாடம் கேட்கும் பிள்ளையாக மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானமாகிவிட்டது என்று கிளம்பினால் விடவில்லை. "ஒறம்பரையச் சோறு போடாமத் தாட்டறதுங்களா?" என்றார். கம்பஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல், கட்டித் தயிர், வறுத்த மோர்மிளகாய். இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம். காசு கொடுக்க முயன்றதற்குக் கோபித்துக்கொண்டார். பேத்திக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆற்றைப் பார்க்கத்தான் வேதனை. பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கு என்று 1990-களின் தொடக்கத்தில் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கி, பாசன நிலமே கெட்டது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சுத்திகரிப்பு ஓரளவுக்கு நடக்கிறது. கல்லைப் பட்டை தீட்டி உலகத்துக்கு அனுப்பிய ஊரின் ஆற்றில் இப்போது கால் நனைக்க யோசிக்கிறோம். இங்கே ஓர் அருங்காட்சியகம் வந்து, அதில் அந்த அம்மாவுக்கும் அவரைப்போல மண் சலித்தவர்களுக்கும் வேலை கிடைத்தால் எத்தனை நன்றாக இருக்கும்.

டிசம்பர் 24, செவ்வாய். சங்ககிரி

கால் வலி தாங்கவில்லை. அக்கா மட்டும் சளைக்காமல் ஏறினார். மலையைச் சுற்றி வாயில் மேல் வாயிலாக அமைந்த கோட்டை. மேலே சென்னகேசவப் பெருமாள் கோயில், ஒரு தர்கா, திப்பு காலத்துக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக்கும் உரிய கட்டடங்கள், பாறைச் சுனைகள். தீரன் சின்னமலையைக் கம்பெனியார் 1805-ல் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில். ஆடிப் பதினெட்டு அன்று, அவர் கோட்டை கட்டியிருந்த ஓடாநிலைக்கும் இங்கேயும் ஊர் ஊராக வந்து மாலை போடுகிறார்கள். அது அரசு தொடங்கிவைத்த சுற்றுலா அல்ல. மக்கள் தாமாக வருகிறார்கள்.

அடிவாரத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம், சிதைத்தால் தண்டனை. அது அவசியம்தான், சுவரெல்லாம் காதலர் பெயர் கீறியிருக்கிறது. மேலே எங்களோடு ஏறிய உள்ளூர்க்காரர் ஒருவர் ஒவ்வொரு வாயிலிலும் நின்று, இங்கேதான் வெடிமருந்து, இங்கேதான் தானியம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பேரனுக்கு எட்டு வயது. தாத்தா மூச்சு வாங்க நிற்கும் இடத்திலெல்லாம் மிச்சத்தை அவன் சொல்லி முடித்தான். ஓர் இடத்தில் அக்கா ஆண்டைத் திருத்த, அவன் தன் நோட்டில் குறித்துக்கொண்டான்.

இறங்கிவந்து பேருந்து நிலையத்தில் கம்மங்கூழ், 30 ரூபாய், தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடுகிறது. மேலே கடை கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். தனியாகப் போகாமல் அடிவாரத்துக் கடைகளில் கேட்டால் கூட வர யாராவது கிடைப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.